ஆக்சிஜன் சிலிண்டர் சரிபார்த்த நாட்கள்

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, நான் மட்டும் நின்று ஆசையாக மோந்துகொண்டிருந்தேன். தின்னர் வாசனை வந்தால் எனக்கு ஒரகடம் ஞாபகம்தான். அங்கே ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் டாக்டராக என் முதல் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் பெயிண்ட் ஷாப்.

வேலை என்னவோ சுலபம்தான். இடுப்புவலி, கண்ணில் தூசி, லீவுக்கு சர்டிபிகேட். ஆனால் மூன்று மாதமாகத் தூக்கமில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில், சும்மா நிற்கும் ஆம்புலன்சுக்குள் போய் அழுதுவிட்டு வருவேன். டிரைவர் கேட்டால், ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்த்தேன் என்பேன். அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட சிலிண்டர் அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்காது.

வெளியே சொல்லப் பயம். பைத்தியக்கார டாக்டர் என்று பெயர் வந்துவிட்டால், நாடி பார்க்க யார் கை நீட்டுவார்கள்?

ஒருநாள் மணிமங்கலத்துத் தொழிலாளி ஏழுமலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அசெம்பிளி லைனில் நின்று நின்று வந்த வலி. பத்து நாள் ஓய்வு தேவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், லீவு எனக்கா, உனக்கா?”

நோயாளி பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தேன்.

எங்கள் நர்ஸ் அமலி சிஸ்டர் தூத்துக்குடிக்காரர். காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தூங்கி எத்தன நாளாச்சு டாக்டர்?”

“நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்.”

“பொய் சொல்லுதிய. ஆம்புலன்சுக்குள்ள என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

ஏழுமலை பெருந்தன்மையாக, “ரெண்டு பேருக்குமே எழுதிக்கோ சார்” என்றார்.

ஷிப்ட் முடிந்ததும் சிஸ்டர் என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, தாம்பரத்தில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். படிவத்தில் தொழில் ‘மெஷின் ஆபரேட்டர்’ என்று எழுதினேன். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “எந்த மெஷின்?” என்றார்.

“பி.பி. மெஷின்.”

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், எப்போது அது அழுகையானது என்று தெரியவில்லை. நான் அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, “நானும் ஒருத்தர்கிட்ட போய்ட்டுத்தான் இருக்கேன் டாக்டர், மாசம் ஒரு தடவ” என்றார். மாத்திரைக்கு முன்பே அந்த வார்த்தை வேலை செய்தது.

மறுநாள் லீவு கேட்டேன். எச்.ஆர். அசையவில்லை. “கம்பெனி டாக்டர் சர்டிபிகேட் வேணும் சார்.”

“நான்தானே கம்பெனி டாக்டர்?”

“அப்ப நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதவே வேண்டியிருக்கவில்லை. ஏழுமலைக்கு வேறு எழுதிக் கொடுத்திருந்ததால், பெயர் மாறிப்போன அந்தக் காகிதத்தையே நீட்டினேன். இடுப்புவலிக்காகப் பத்து நாள் கிடைத்தது. அதில் பாதியைத் தூங்கியே கழித்தேன்.

அந்த மருத்துவ அறை இப்போது இல்லை. அமலி சிஸ்டரும் ஊரோடு போய்விட்டார். இங்கே மாதத்துக்கொரு முறை ஆஸ்பத்திரி ஆப்பிலிருந்து செல்போனில் கேள்வி வருகிறது: டாக்டர், உங்கள் மனநிலை எப்படி? ‘நன்று’ என்று தட்டுகிறேன். அது உடனே நம்பிவிடுகிறது.