ஒடிந்த இருபத்து மூன்று கால்கள்

உபகாரமேரிக்கு எழுத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டால் போதும், அதைத் திருத்தாமல் சோறு இறங்காது. தியாகதுருகத்து அச்சகம் ஒன்றில் பதினாறு வருடம் பிழை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகையில் 'வறுக வறுக' என்று போக இருந்ததைத் தடுத்து எத்தனை குடும்பங்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்! அந்த வேலையை அச்சகத்தோடு விட்டாளா என்றால் அதுதான் இல்லை. கட்டின புருஷனையும் திருத்தினாள்.

"மேரி, வூட்டுல தண்ணி வருதா?" என்பார் கிறிஸ்துதாஸ்.

"வூடு இல்லீங்க, வீடு."

"எனக்கு வூடுதான். நீ வேணா வீட்டுல இருந்துக்கோ" என்று சிரிப்பார்.

அவர் போய் மூன்று வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. முட்டிவலி வந்ததும் மேரி அச்சகத்தை விட்டுவிட்டாள். இப்போது வீட்டிலேயே மடிக்கணினியில் வேலை. கள்ளக்குறிச்சியில் உள்ள ஒரு சின்ன கம்பெனி, ஊர்க்காரர்கள் பேசியதைப் பதிவுசெய்து, எழுத்தாகவும் தட்டி அனுப்பும். ஊர்ப்பெயருக்குப் பச்சை, ஆள்பெயருக்கு மஞ்சள் என்று அவள் அடையாளம் போட வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிற வேலையாம். அது கற்றால் என்ன, கற்காவிட்டால் என்ன! ஹெட்போனைக் காதில் மாட்டினால் யாரோ பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் கேட்கிற குரல் இது ஒன்றுதான்.

அன்று பேசியவர் நைனார்பாளையத்துக் கண்ணாயிரம். காணாமல் போன எருமையைத் தேடி அலைந்த கதையை அரை மணி நேரம் சொல்லியிருந்தார். மேரி எல்லாப் பெயருக்கும் கலர் போட்டு முடித்தாள். முடித்த பிறகு கை சும்மா இருக்குமா? 'வூடு' எல்லாவற்றையும் 'வீடு' ஆக்கினாள். போட்ட கலர் ஒன்றும் அசையவில்லை. அந்தத் தைரியத்தில் 'இன்னா' எல்லாவற்றையும் 'என்ன' ஆக்கினாள், மொத்தம் இருபத்து மூன்று இடம். கலரைத் திரும்பப் பார்க்காமலே அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் ரம்யா போன் செய்தாள்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? கண்ணாயிரத்துக்குப் போட்ட மஞ்சள் எருமை மேல கீது! மூல எழுத்தைத் தொட்டீங்களா?"

மேரி மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். மஞ்சள் எருமை மேல்தான் இருந்தது.

"கலரு எழுத்துல ஒட்டிக்கினு இல்லக்கா. இத்தினியாவது எழுத்துலேர்ந்து இத்தினியாவது எழுத்து வரைக்கும்னு மெஷின் எண்ணி வெச்சிக்கினு கீது. அதுக்குப் புள்ளியும் ஒரு எழுத்து, துணைக்காலும் ஒரு எழுத்து. இன்னாவோட கடைசிக் காலை ஒடிச்சிட்டீங்க. எழுத்தெல்லாம் முன்னால நவுந்துடுச்சி, கலரு நின்ன இடத்துலயே நிக்குது. திருத்தணும்னா பக்கத்துல வேற பிரதி போட்டு அதுல திருத்தணும். அஞ்சு மணிக்குள்ள பழையபடி வெக்கலன்னா, வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"வூட்டையும் மாத்திட்டேன்மா."

"அதுல எண்ணிக்கை மாறல. கீழ்ச்சுழிக்குப் பதிலா மேல்சுழி, அவ்ளோதான். மெஷினுக்குத் தெரியாது. நேரமில்ல, விடுங்க."

வேலை போனால் இந்தக் குரல்களும் போய்விடும். மேரி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாயிரம் 'இன்னா' என்ற இடத்திலெல்லாம் நிறுத்தி, காலைத் திரும்ப வைத்தாள். ஒவ்வொரு காலுக்கும் கலர் ஓர் எழுத்து தன் இடத்துக்கு நெருங்கியது. இருபத்து மூன்றாவதில் மஞ்சள் எருமையை விட்டிறங்கிக் கண்ணாயிரத்திடம் வந்து சேர்ந்தது. மணி நாலே முக்கால். அப்போதே அனுப்பியிருக்கலாம்.

காதில் கண்ணாயிரம் முடித்துக்கொண்டிருந்தார். "எருமை கெடைக்கல. பொழுதும் போச்சு. செரி, வூட்டுக்குப் போலாம்னு வந்துட்டேன்."

திரையில் 'வீட்டுக்குப் போலாம்' என்று இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி நாளன்று கிறிஸ்துதாஸும் அப்படித்தான் கேட்டார். "மேரி, வீட்டுக்குப் போலாமா?" பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, வீடு என்று. அவளுக்குப் பிடிக்குமே என்று சொன்னார். அவளோ, பாவி, தலையணையைச் சரிசெய்துகொண்டு பதில்கூடச் சொல்லவில்லை. அவள் திருத்தித் திருத்தி, அந்த மனுஷன் தன் வாயில் இருந்த 'வூட்டையும்' விட்டுவிட்டுப் போனார்.

மேரி முதல் பக்கத்துக்குப் போனாள். ஒவ்வொரு 'வீட்டையும்' தேடி 'வூடு' ஆக்கினாள். ரம்யா சொன்னது சரிதான், ஒரு கலர்கூட அசையவில்லை. கடைசி வரியை மாற்றும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது. அந்த வெறும் வீட்டில், வாய்விட்டே சொன்னாள்:

"போலாங்க. வூட்டுக்குப் போலாங்க."