சந்தனம் துடைத்த சுத்தியல்

அந்தப் பேரிங்கைப் பொருத்தியவள் நான். சேகர் அல்லன். வேலை அட்டையில் அவன் பெயர் இருந்தது. சுத்தியல் என் கையில் இருந்தது.

மூன்று ஆண்டுகளாக இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. இப்போது இதைப் படிக்கும் உங்களிடம் சொல்கிறேன்... உங்களிடம் சொல்வது எளிது என்பதால்தானோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

மலேசியாவில், போர்ட்டிக்சன் கரையோரத்தில் உள்ள ஒரு படகுப் பட்டறையில் நான் மேற்பார்வையாளர். இயந்திரப் பொறியியல் பட்டதாரி. சேகர் அங்கே மெக்கானிக்காக இருந்தான். பட்டறையின் சம்பளக்காரன் அல்லன். நுழைவதற்கு ஒரு பாஸ் வாங்கிக்கொண்டு, மூலையில் தனக்கென ஒரு கொட்டகை போட்டு, கரையேறும் படகுகளைப் பழுது பார்ப்பவன். அந்த பாஸ் இல்லையென்றால் அவனுக்கு அங்கே தொழில் இல்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். சிரம்பான் சாலையில் இருந்த அந்த ரப்பர்க் காடு இன்று வீடமைப்புப் பகுதி. ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே வகுப்பு. பிறகு நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அவன் தொழிற்பயிற்சிக்குப் போனான். பட்டறையில் என்னை முதன்முதலாகக் கண்ட அன்று அவன் கேட்டான்: "என்ன இஞ்சினியரம்மா, இங்கயும் வந்து என் நோட்டைப் பார்த்து எழுதப் போறியா?"

கணக்குப் பாடத்தில் நான் அவனைப் பார்த்து எழுதியது உண்மைதான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்தப் பாய்மரப் படகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. சீனர், மென்மையாகப் பேசுபவர். மனைவியோடு லங்காவித் தீவு வரை போவதாகத் திட்டம். ஆனால் இயந்திரத்தை ஓட்டினால் படகின் பின்பக்கம் கடகடத்தது. கரையேற்றியதும் சேகர் ப்ரொப்பெல்லரை இரு கைகளாலும் பற்றி ஆட்டிக் காட்டினான். அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட், ஆடும் பல்லைப்போல் ஆடியது. அதைத் தாங்கி நிற்கும் பேரிங் தேய்ந்துபோயிருந்தது.

அது ஒரு பித்தளைக் குழல், உட்புறம் ரப்பர், ரப்பரில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளங்கள். கடல்நீர் அந்தப் பள்ளங்களின் வழியே ஓடித்தான் ஷாஃப்டைக் குளிர்விக்கும். எண்ணெயோ கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிவிடும். பொறியியல் நூல்கள் இதை எனக்குச் சொல்வதற்கு முன்பே தோட்டம் சொல்லியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறி ஊதிப்போன ரப்பர்ச் செருப்புக்காக ஏழு வயதில் அப்பாவிடம் அடி வாங்கியவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை!

புதிய பேரிங் வந்து சேர்ந்தது ஆயுத பூசைக்கு முந்தின நாள் மாலை. சேகர் பழையதைக் கழற்றி வைத்திருந்தான். புதியதைப் பொருத்துவதற்கு, நீண்ட திருகுக் கம்பி கொண்ட ஒரு கருவியைத் தானே செய்து வைத்திருந்தான். சோப்பு கரைத்த சவுக்காரத் தண்ணீர் தடவி, திருகத் திருக, பேரிங் அதன் இடத்துக்குள் மெல்ல இறங்கும். சுத்தியலை அதன் பக்கமே அவன் கொண்டுவர மாட்டான்.

"நாளைக்குப் பூசைலா, சாமானைத் தொட மாட்டேன்," என்றான். "நாளன்னிக்கு விடியக் காலையில மொத வேலையா போட்டுர்றேன்."

பூசை நாள் காலையில் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். படகை நீரில் இறக்கும் கிரேன் மறுநாள் காலைக்குப் பதிவாகியிருந்தது. இன்று ஏன் வேலை நடக்கவில்லை என்று தன்மையாகத்தான் கேட்டார். 'இன்று எங்கள் பூசை. கருவிகளை நாங்கள் தொடுவதில்லை.' நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவே! அவர் புரிந்துகொண்டிருப்பார், கிரேனை ஒரு நாள் தள்ளியிருப்பார். ஆனால் அது என் வாயிலிருந்து வரவில்லை. படித்த ஒருத்தி இதையெல்லாம் காரணமாகச் சொல்வதா என்று கூசினேன். மாலைக்குள் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

யார் கூசியது என்று பாருங்கள்... தோட்டத் தொழிலாளர்களின் விழா நாள் விடுப்புக்காகப் பல்கலைக்கழகத்தில் மேசை போட்டுக் கையெழுத்துத் திரட்டியவள்! அவர்களுடைய வழக்கங்களை மதிக்க வேண்டும் என்று மேடையில் முழங்கியவள்!

நண்பகலில் சேகரின் கொட்டகைக்குப் போனேன். அவன் வீட்டுக்குப் போயிருந்தான். பலகையில் மஞ்சள் துணி விரித்து, கருவிகள் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நடுவில் அந்தத் திருகுக் கருவி. செவ்வந்திச் சரம் சுற்றி, முனையில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. அதை எடுத்தால் பூசை கலையும், அவனுக்குத் தெரிந்துவிடும். ஓரத்தில் ஒரு சுத்தியல் கிடந்தது, தலையில் ஒரு சந்தனப் பொட்டோடு.

சுத்தியலை எடுத்தேன். பூசையைக் கலைக்காமலே அதை மீறிவிடலாம் என்று அந்தக் கணத்தில் என் படித்த மூளை கண்டுபிடித்தது.

பேரிங் பாதிவரை போய் இறுகி நின்றுவிட்டது. மரக்கட்டையை வைத்துத் தட்டினேன். அசையவில்லை. கட்டை பிளந்தது. கிரீஸை அள்ளித் தடவினேன்... உள்ளும் புறமும். கட்டையில்லாமலே ஓங்கி அடித்தேன். இறங்கியது. பித்தளை விளிம்பில் மூன்று இடங்களில் நசுங்கல். ப்ரொப்பெல்லரை மாட்டியதும் அவை வெளியே தெரியவில்லை.

சுத்தியலைத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். கிரீஸோடு சந்தனமும் போய்விட்டதை அப்போதுதான் கண்டேன். பக்கத்திலேயே கிண்ணத்தில் சந்தனம் இருந்தது. ஒரு விரல் தொட்டு வைத்திருக்கலாம். ஏனோ அதற்கு மட்டும் கை எழவில்லை.

மறுநாள் காலையில் கிரேன் தயாராக நின்றது. ஆசிரியரும் மனைவியும் தொப்பி அணிந்து காத்திருந்தார்கள். அவசரம் என்பதால் நானே பொருத்திவிட்டேன் என்று சேகரிடம் தனியே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. குனிந்து ப்ரொப்பெல்லரைச் சுற்றிப் பார்த்தான்.

"இறுக்கமா இருக்கே கலா. கழட்டிப் பார்த்துரலாமா? அரை நாள் வேலைதான்."

புதிது அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"சவுக்காரத் தண்ணிதானே போட்ட?"

"ஆமா," என்றேன்.

அவன் தலையாட்டினான். நான் சொன்னதை நம்பினான். அட்டையில் பொருத்தியவர் என்ற இடத்தில் முன்பே எழுதியிருந்த அவன் பெயரை நானும் மாற்றவில்லை. அவனும் மாற்றச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. பங்கோர் தீவை நெருங்கும்போது காற்று நின்றுபோயிருக்கிறது. இயந்திரத்தை முடுக்கி நெடுநேரம் ஓட்டியிருக்கிறார்கள். ரப்பர் ஊதிப் பள்ளங்களை அடைத்துவிட்டதால் நீர் ஓடவில்லை. சூடேறி, ஷாஃப்ட் அப்படியே இறுகிப்போனது. படகு பாறைகளை நோக்கி ஒதுங்கியபோது ஒரு மீன்பிடிப் படகு வந்து கயிறு கொடுத்தது. கயிற்றைக் கட்டும்போது ஆசிரியரின் மனைவிக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. அவர் அந்தக் கையால் பியானோ கற்பித்துக்கொண்டிருந்தார்.

கழற்றிய பேரிங் எங்கள் நிர்வாகியின் மேசைக்கு வந்தது. சேகரை அழைத்தார். நானும் அங்கே இருந்தேன். சேகர் அதைக் கையில் எடுத்து, ஊதிய ரப்பரை நகத்தால் சுரண்டி முகர்ந்தான். விளிம்பில் இருந்த மூன்று நசுங்கல்களையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினான்.

"இது என் கை வேலை இல்ல போஸ்," என்றான்.

வேறு யார் கை என்று நிர்வாகி கேட்டார்.

சேகர் என்னைப் பார்க்கவில்லை. பேரிங்கை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றான். சுவரில் குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியை அவன் எனக்காக விட்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும்!

நிர்வாகி என் பக்கம் திரும்பினார். "அட்டையில் உள்ளபடிதான்," என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இந்த ஆறுதலைக்கூட அன்று நான் தேடிப் பிடித்தேன்... அட்டையில் அவன் பெயர்தானே இருந்தது?

அன்று மாலையே அவன் பாஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தவனிடம் போய் நின்றேன். நீ ஏன் சொல்லவில்லை என்று அவனிடமே கேட்டேன். கேட்க எனக்கு நா எழுந்தது!

"நான் சொன்னா யாருலா நம்புவா? நீ சொன்னாத்தான் எடுபடும்," என்றான். பெட்டியைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தான். "பூசையன்னிக்கு சாயங்காலம் வந்து பார்த்தப்பவே சுத்தியல்ல சந்தனம் இல்ல. சரி, மரக்கட்டை வச்சு மெதுவா தட்டியிருப்ப, படிச்ச புள்ளைதானேன்னு நெனச்சுக்கிட்டேன்."

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சுத்தியலை மட்டும் பலகையின் ஓரத்திலேயே விட்டுப் போனான்.

இப்போது அவன் நீலாய் நகரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறான். கடலோரத்தின் மற்றப் பட்டறைகளிலும் பேச்சு பரவிவிட்டது. அவனை எவரும் சேர்ப்பதில்லை. நான் இன்னும் சனிக்கிழமைகளில் சமூக மண்டபத்தில் இளைஞர்களுக்குத் தொழிலாளர் உரிமை பற்றி வகுப்பு எடுக்கிறேன். அவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். அந்த வகுப்பை நிறுத்துவது நேர்மையா, தொடர்வது நேர்மையா? நிறுத்தினாலும் சேகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று எனக்கு நானே வாதாடுகிறேன். எனக்கு வாதாட நன்றாக வரும்.

சுத்தியல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போன ஆயுத பூசைக்குப் பட்டறைப் பையன்கள் மேசைக்கு மேசை வந்து, வைப்பதற்குச் சாமான் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

நீங்கள் பொறுமையாக இதுவரை படித்தீர்கள். ஆனால் உங்களால் அவனுக்கு ஒரு பாஸ் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேனோ என்னவோ... அதைக் கொடுக்கக்கூடிய நிர்வாகி என் மேசையிலிருந்து இருபத்திரண்டு காலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நடந்து அளந்திருக்கிறேன். பதினெட்டாவது அடி வரைக்கும் போயிருக்கிறேன்.

இதை எழுதும் இப்போதும் அவர் அறைக்கதவு திறந்துதான் இருக்கிறது.