கரும்புத் தோட்டத்தில் வாப்பா நட்ட பலகைகள்

நான் வேலை செய்யும் இடத்தில் எல்லாவற்றுக்கும் பேர் ஒட்டியிருக்கும். அலுமாரிக் கதவில் ‘ஸ்கோப்’, தண்ணீர்க் குழாய்க்கு மேல் ‘வத்தென்’, கதிரையின் முதுகில்கூட ஒரு துண்டு. வந்த புதிதில், கதிரையைப் பார்த்தால் கதிரை என்று தெரியாதா, இந்த ஸ்வீடன்காரர்களுக்கு என்ன வந்தது என்று உள்ளுக்குள் சிரித்தேன். மறதி நோய் வந்த முதியவர்களின் இல்லம் அது என்பது எனக்கு முழுசாக உறைக்கச் சில நாள் பிடித்தது. அந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் நானும் இந்தப் பாஷையைப் படித்தேன். அவர்கள் ஒவ்வொரு சொல்லாகத் தொலைத்துக்கொண்டு போக, நான் பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வந்தேன். வேலை முடிந்து, பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும் வீதியால் வீட்டுக்கு நடப்பேன்.

கண்டிக்குப் பக்கத்தில், அலவத்துகொடையில் என் வாப்பாவின் கடையில் ஒரு சாக்கிலும் பேர் இருந்ததில்லை. மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா எல்லாவற்றையும் மூக்காலேயே பிரித்துவிடுவார். ஒருமுறை நான் ஆசையாக அட்டை வெட்டி எழுதிக்கொண்டு போனேன். “பேர் வாசிச்சி யாவாரம் செய்யிறதெண்டா நான் என்னத்துக்கு மகள் இங்க ஈக்கிற?” என்று திருப்பித் தந்துவிட்டார். மனிதர்களிலும் அப்படித்தான். கண்டி பஸ்ஸில் இருந்து இறங்கும் ஆளின் நடையைப் பார்த்தே இன்னாருடைய மகன் என்று சொல்லுவார். சலாம் சொல்ல அவருக்கு முகம் தெரிய வேண்டியதில்லை.

முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு கடையைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். நாள் முழுக்க உம்மாவின் சமையலில் பிழை பிடிப்பதே அவர் தொழிலாகிப் போனது. நான் ஒரே பிள்ளை, அதுவும் இவ்வளவு தூரத்தில். ஏதாவது செய்யாவிட்டால் இரண்டு பேரும் அடிபட்டுக்கொள்வார்கள் என்று, கட்டைகளால் உலகம் கட்டும், ஸ்வீடன்காரர்கள் செய்த வீடியோ விளையாட்டு ஒன்றை அவருடைய டெப்லட்டில் போட்டுக் கொடுத்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் உலகம். முதல் வேலையாகக் கரும்புத் தோட்டம் போட்டோம். நடுவில் நீளமாக ஒரு வாய்க்கால், இரண்டு கரையிலும் கரும்பு. அவ்வளவுதான். போனில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நான் சொல்லச் சொல்ல அவர் தோண்டினார்.

“தண்ணி ஈக்குது, சரி. பசளை?”

“வாணாம் வாப்பா. தண்ணிக்குப் பக்கத்துல நட்டாக் காணும்.”

“பசளையும் இல்லாம வளர்ற கரும்பா? ஒங்கட ஸ்வீடன் ஆக்கள் நல்லா ஏமாத்துறாங்க மகள்.”

“அடிக்கட்டைய மட்டும் வெட்டிப்போடாதீங்க. மேல ரெண்டு கட்டையையும் எடுத்தாத் திரும்ப வளரும். எடுக்க எடுக்க முடியாது.”

“யா அல்லாஹ், இந்த யாவாரம் முந்தியே தெரியாமப் போச்சே!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு தினமும் அவர் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவார். எனக்கு அது பகல் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் முள்ளுக்கரண்டியும் மறு கையில் போனுமாக அவரோடு கரும்பு வெட்டுவேன். ஓய்வு முடியும்போது வாய்க்காலின் முடிவில், ஒற்றை மரத்தடியில் நின்று வெளியேறுவேன். மறுநாள் உள்ளே போனால் அதே மரத்தடியில்தான் நிற்பேன்.

போன மாதம் ஒருநாள் உள்ளே போனால் இரண்டு கரையும் மொட்டை. அடிக்கட்டை ஒன்றுகூட இல்லை. “யாரோ வந்து வெட்டிட்டுப் போயிட்டாங்க” என்றார் வாப்பா. அந்த உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் கிடையாது. பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இருவருமாகத் திரும்ப நட்டோம். அடுத்த கிழமை மரத்தடியில் நான் தோன்றியதும் என் மேல் மண்வெட்டியால் அடி விழுந்தது. “யாரிது? யாரு நீங்க?” என்று போனில் அவர் குரல் நடுங்கியது. “நான்தான் வாப்பா, நஸ்ரினா” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உம்மா போனை வாங்கி, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

பிறகு பலகைகள் முளைத்தன. வாய்க்காலின் கரையில் ‘தண்ணி’. பயிருக்கு முன்னால் ‘கரும்பு’. அதற்குக் கீழே ‘அடி வெட்ட வாணாம்’. வீட்டு வாசலில் ‘கதவு’. ஒரு சாக்குக்கும் பேர் எழுத விடாத மனுசன்! முள்ளுக்கரண்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன். எதிரில் இருந்த கூட வேலை செய்பவள் குனில்லா என்ன என்று கேட்டாள். என் வாப்பா பொருட்களுக்குப் பேர் எழுதி வைக்கிறார் என்றேன்.

“நல்லதுதானே. எந்த இல்லத்தில் இருக்கிறார்?”

“இல்லத்தில் இல்லை. வீட்டில்தான்.”

“அப்படியென்றால் யார் எழுதிக் கொடுப்பது?”

“அவரேதான்.”

குனில்லா என் கையைப் பிடித்தாள். “தனக்குத் தானே எழுதும் காலம் நல்ல காலம். அதை அனுபவித்துக்கொள்” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம். எனக்கு அதற்குப் பிறகுதான் சரியான பயம் பிடித்தது.

அன்றே உம்மாவுக்குப் போன் எடுத்தேன். ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று அழுதேன். உம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். “வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் போனவரு பள்ளி வாசல்ல நிண்டுகொண்டு, பள்ளி எங்கெண்டு கேட்டீக்கிறாரு மகள். தெரிஞ்ச பொடியனொருத்தன்தான் கூட்டிக்கொண்டு வந்த. ஒங்களப் பயப்புடுத்த வாணாமெண்டு செல்லல்ல.” உடனே வருகிறேன் என்றேன். “ஒங்கட பேப்பர் வரட்டும். அவசரப்பட்டு எல்லாத்தயும் கெடுத்துக்கொள்ள வாணாம்” என்றார். என்னைப் போல வந்தவர்களுக்கு இது விளங்கும். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அது கையில் கிடைக்கும் முன் வெளியே போனால், திரும்பி உள்ளே வர விடுவார்களோ தெரியாது. இங்கேயே காத்திருந்தாலோ, நான் போய் இறங்கும்போது அவர் என் நடையை அடையாளம் பிடிப்பாரோ தெரியாது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள், இதெல்லாம் ஒரு யோசனையா, ஓடி வா என்பீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது.

நேற்றுப் பகல் உள்ளே போனேன். மரத்தடியில், என் முகத்துக்கு நேரே ஒரு பலகையின் முதுகு தெரிந்தது. சுற்றி வந்து வாசித்தேன். ‘இது மகள் நஸ்ரினா. ஸ்வீடன்ல ஈக்குறா. பயப்புட வாணாம்.’

எனக்காக எழுதியது இல்லை அது. ஓடிப்போய் மறுபடி என் இடத்தில், பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கொஞ்சத்தில் வாப்பாவின் உருவம் மண்வெட்டியோடு வந்தது. பலகைக்கு முன்னால் நின்றது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவு நேரம் நின்றது. அடிக்கவில்லை. திரும்பிக் கரும்பு வெட்டப் போனது.

கூட வெட்டப் போக எனக்குக் கால் துடித்தது. ஆனால் நான் அசையவில்லை. அசைந்தால் என் பேர் ஓரிடத்திலும் நான் ஓரிடத்திலுமாக ஆகிவிடுவோம்.