வாய் திறக்காத கெலிசா

கால்நடை மருத்துவம் படித்தவள் நான். ஆனால் ஆடு, மாடு, பூனை எதையும் பார்ப்பதில்லை. மீன்களுக்கு மட்டும்தான் மருத்துவம். மலேசியாவின் சுங்கை பட்டாணியில் வீடு. காரின் பின்பக்கத்தில் ஒரு நுண்ணோக்கி, காற்றுப் பம்பு, வாளிகள், எப்போதும் ஈரம் காயாத துண்டுகள். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் சொல்வேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "அப்ப ஊசி எங்கம்மா போடுவீங்க?" என்று உண்மையாகவே கேட்பார்கள். முதுகுப் பக்கம், செதிலுக்குச் செதில் நடுவில் என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

படிக்கும் காலத்தில் ஒரு மீன்குஞ்சின் வாலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற அந்த வாலுக்குள் இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒன்றின்பின் ஒன்றாக ஓடின. நுனிவரை போய், வளைந்து, இதயத்துக்குத் திரும்பின. சாப்பிடப் போகவேண்டும் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் நாய், பூனை என்று பிரிந்து போனபோது நான் தண்ணீர் பக்கம் வந்ததற்கு அந்த வால்தான் காரணம்.

இத்தனை வருடத்தில் எவ்வளவோ பார்த்தாயிற்று. ஆனாலும் புக்கிட் செலம்பாவில் ஒரு வீட்டுக் கொல்லையில் பார்த்ததை இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லி முடிக்க முடிந்ததில்லை.

போனில் கூப்பிட்டவர் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். "டாக்டர், என் கெலிசா உடம்புல நூல் நூலா தொங்குது. சுத்தமா மாக்கான் இல்ல, சாப்பாட்டையே தொடுறதில்ல. வெட்டுக்கிளி போட்டாகூட திரும்பிப் பாக்க மாட்டேங்குறான்" என்றார். குரல் கம்மியிருந்தது. கெலிசா என்பது வாள் போல நீண்ட, பெரிய செதில்கள் கொண்ட மீன். பலர் அதிர்ஷ்டத்துக்காக வளர்க்கிறார்கள். இவர் பேசியதைக் கேட்டபோது அதிர்ஷ்டத்துக்காக வளர்ப்பவர் மாதிரித் தெரியவில்லை.

மறுநாள் காலையில் போனேன். ரப்பர் மரங்களை ஒட்டிய சின்ன வீடு. கணவன், மனைவி இருவருமே கூலிமில்தான் வேலை, ஆனால் வெவ்வேறு ஷிப்ட். ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது மற்றவர் கிளப்புவார். அன்று எனக்காக இருவரும் லீவு போட்டிருந்தார்கள். அவரை அண்ணே என்றும் அந்த அம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டேன்.

கொல்லையில், முன்பு கெளுத்தி மீன் வளர்த்த பெரிய சிமெண்டுத் தொட்டி. மேலே கறுப்பு வலை. இரண்டு கெலிசாக்கள் இருந்தன. ஒன்று பெண், நல்ல சதைப்பிடிப்போடு நடுவில் நீந்திக்கொண்டிருந்தது. மற்றது ஓர் ஓரத்தில், நிழலில், அசையாமல் நின்றது. அதைத்தான் அவர் "பெரியவன்" என்றார்.

நான் முதலில் தண்ணீரைப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான், மீனின் பாதி வியாதி தண்ணீரில் இருக்கும். தண்ணீர் நன்றாகவே இருந்தது. பிறகுதான் பெரியவன் அருகில் குனிந்தேன். முதுகு ஒடுங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பக்கவாட்டில் அங்கங்கே சிவந்த புண்கள். ஒவ்வொரு புண்ணிலிருந்தும் வெளுத்த நூல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"நங்கூரப் புழு" என்றேன். "தலைய சதைக்குள்ள நங்கூரம் மாதிரி குத்திக்கிட்டு இரத்தத்த உறிஞ்சும். வெளிய எங்கயாச்சும் பிடிச்ச மீன இரையாப் போட்டீங்களா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "லொங்காங்ல, ரோட்டோர சாக்கடைல, பொடி மீன் பிடிச்சுப் போட்டேன். ஆசையா திம்பான்னு."

புழு எனக்குப் புதிதில்லை. தண்ணீரில் மருந்து கலந்தால் போய்விடும். பையைத் திறந்தபோது, பெரியவன் மெல்லத் திரும்பினான். பக்கவாட்டில் அவன் தாடை தெரிந்தது. அடித்தாடை பை மாதிரி தொங்கியது. வாயை இறுக்கி மூடியிருந்தான். மூச்சுக்காகக்கூட ஒரு கீற்றுக்கு மேல் திறக்கவில்லை.

என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அண்ணே, இவன் சாப்பிடாம இருக்கறது புழுவால இல்ல. வாயில குஞ்சு வச்சிருக்கான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்காதான் முதலில் பேசினார். "ஆம்பள மீனா?"

"ஆமாக்கா. பொம்பள முட்ட போட்டதும் அப்பன்காரன் வாயில அள்ளிக்குவான். முட்டை பொரிச்சு, குஞ்சு தானா நீந்துற வரைக்கும் உள்ளயே வச்சிருப்பான். அது வரைக்கும் சாப்பாடு கிடையாது. வாயைத் தொறந்தா கொட்டிடுமில்ல?"

"இத்தன நாளாவா பட்டினி?" அக்கா தொட்டி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "காசியான் லா, பாவம்."

புத்தகத்தில் படித்திருக்கிறேன். பண்ணைகளில் இப்படி வாய் நிறைந்த மீன்களைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் அவற்றைப் பிடித்து, வாயைத் திறந்து, குஞ்சுகளைக் கொட்டித் தனித்தொட்டியில் வளர்ப்பார்கள். ஆனால் பட்டினியும் புழுவும் சேர்ந்து வாட்ட, அப்போதும் வாய் திறக்காத ஒருவனை அன்றுதான் கண்டேன்.

சிக்கல் எனக்கு உடனே புரிந்தது. அவன் குடிக்கும் ஒவ்வொரு மடக்குத் தண்ணீரும் முதலில் குஞ்சுகளைத் தொட்டுவிட்டுத்தான் செவுளுக்குப் போகிறது. அவன் விடும் மூச்சில்தான் அவையும் மூச்சு விடுகின்றன. தண்ணீரில் மருந்தைக் கலந்தால் அது அந்தப் பிஞ்சுகள் மேல்தான் முதலில் படும். தாங்குமா என்று எனக்கு உறுதியில்லை. மயக்க மருந்து கொடுத்துப் புழுவைப் பிடுங்கலாம். மயங்கினால் தாடை தளர்ந்து எல்லாம் கொட்டிவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால், இவ்வளவு மெலிந்தவன் புண் பழுத்துச் செத்துப்போகலாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் யோசிக்கவேயில்லை. "குஞ்சு போனா போவட்டும் டாக்டர். எனக்கு அவன் வேணும். கையளவு இருக்கும்போதிருந்து வளக்குறேன்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் அக்கா. "அவன் எதுக்காக வாயக் கட்டிக்கிட்டு நிக்குறான்? அதையே நாம பிடுங்கிட்டா அப்புறம் அவன காப்பாத்தி என்ன?"

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. மயக்க மருந்து இல்லாமல், தண்ணீரில் வைத்தபடியே, கையால் ஒவ்வொரு புழுவாக எடுத்துப் பார்க்கலாம் என்றேன். "அவன் திமிறினா நிறுத்திருவோம். வாயைத் தொறக்காம பாத்துக்க ஒரு ஆள் வேணும்."

"நான் பிடிக்கறேன்" என்றார் அக்கா.

பெண் மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றினோம். அங்கே அவளுக்கு மருந்து கலக்கத் தடையில்லை. பெரிய தொட்டியில் தண்ணீரை இடுப்பளவுக்கு வடித்துவிட்டு மூவரும் இறங்கினோம். அக்காவின் பழைய, பூப்போட்ட பாத்திக் கைலி ஒன்றை நனைத்து, தூளி போலப் பிடித்து, அவனை மெல்ல அதற்குள் வரவைத்தோம். கண்ணை ஈரத்துணியால் மூடினேன். இருட்டானால் மீன் அடங்கும். பெரியவனும் அடங்கினான். தலை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. பக்கவாட்டை மட்டும் அண்ணன் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். அக்கா தன் உள்ளங்கையை அடித்தாடைக்குக் கீழே வைத்து ஏந்தினார்.

இடுக்கியால் முதல் புழுவின் வேரைப் பிடித்து இழுத்தேன். வந்தது. புண்ணில் மருந்து தொட்டு வைத்தேன். அவன் உடல் ஒருமுறை விறைத்தது, அவ்வளவுதான். அடுத்தது. அதற்கடுத்தது. வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வாலை ஒரு சுழற்று சுழற்றியிருந்தால் எங்கள் மூவரையும் தள்ளிவிட்டுப் போயிருப்பான்; அந்த மீனின் பலம் அப்படி. அவன் சுழற்றவில்லை.

"டாக்டர்" என்று அக்கா கிசுகிசுத்தார். "உள்ள நெளியுது. என் கையில தெரியுது."

நான் இடுக்கியை வைத்துவிட்டு அவர் கையை ஒட்டி என் விரலை வைத்தேன். தாடையின் மெல்லிய தோலுக்கு அந்தப் பக்கம், பல சின்ன அசைவுகள். மழை ஆரம்பிக்கும்போது கூரையில் விழும் முதல் துளிகள் மாதிரி, இங்கொன்றும் அங்கொன்றுமாக. அண்ணனின் கையையும் பிடித்து அங்கே வைத்தேன்.

டார்ச்சை வாய்க்கீற்றுக்கு நேராகப் பிடித்துக் குனிந்தேன். உள்ளே கண்கள். கறுத்த, உருண்ட, எண்ண முடியாத கண்கள், ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வீட்டின் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்ததுபோல் கூச்சமாகவும் இருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டேன்.

கடைசிப் புழு செவுள் மூடியின் ஓரத்தில் இருந்தது. அங்கே தோல் மிக மெல்லியது. இழுத்தபோது அவன் தாங்கமுடியாமல் ஒரு முறை உதறினான். வாய் ஒரு கணம் திறந்து மூடியது. அக்காவின் உள்ளங்கையில் ஏதோ வழுக்கி விழுந்தது.

ஒரே ஒரு குஞ்சு. விரல்நகம் நீளம்கூட இல்லாத கண்ணாடி உடல். வயிற்றில் தன்னைவிடப் பெரிய, ஆரஞ்சு நிற மஞ்சள்கருப் பை. அந்தச் சுமையோடு நீந்த முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தது; வால் மட்டும் துடித்தது. தாடையில் இப்போதே இரண்டு குட்டி மீசைகள். தோலுக்கு உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி விரிந்து சுருங்கியது. இதயம்.

"அவன விட்டுருங்க அண்ணே" என்றேன். கைலியைத் தளர்த்தினோம். பெரியவன் நழுவி எதிர் மூலைக்குப் போனான். வாய் மூடியே இருந்தது.

"அக்கா, குஞ்ச இந்த வாளியில விடுங்க. காத்துப் பம்பு வச்சு நான் வளத்துத் தரேன்."

அக்கா கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார். "கொஞ்சம் பொறுங்க டாக்டர்."

அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். பெரியவன் திரும்பியிருந்தான். இவ்வளவு வலி கொடுத்த மூன்று பேர் நிற்கும் பக்கமாக மெதுவாக வந்தான். அக்காவின் கைக்கு முன்னால் நின்றான். மீசைகள் இரண்டும் முன்னே நீண்டன. பிறகு அந்த வாய் கொஞ்சமாகத் திறந்தது, தண்ணீர் உள்ளே இழுபட்டது, அக்காவின் கை காலியாக இருந்தது.

"தின்னுட்டானா?" என்று அண்ணன் கேட்டார்.

"தெரியலண்ணே."

"தின்னல" என்றார் அக்கா. "எடுத்துக்கிட்டான்."

கெலிசா இரை எடுக்கும் விதம் எனக்குத் தெரியும். தண்ணீர் தெறிக்கும், சத்தம் கேட்கும். இது அப்படி இல்லை. தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் இருந்தது. ஆனாலும் பசித்த மீன் அது. சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது. இன்றுவரை அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அதற்குப் பிறகு இருவரும் தினமும் தண்ணீரில் ஒரு பங்கை வடித்துப் புதுத் தண்ணீர் விட்டார்கள். தண்ணீரில் தங்கியிருந்த புழுக்குஞ்சுகள் குறைந்தன. புண்கள் மெதுவாக ஆறின. அண்ணன் வேலைக்குப் போகும்முன் ஒரு வீடியோ அனுப்புவார், அக்கா வந்ததும் ஒன்று. எல்லாம் ஒரே மாதிரிதான்: ஓரத்தில் நிற்கும் மீன், மூடிய வாய். அவன் மேலும் மெலிந்தான். நான் ஒவ்வொரு வீடியோவையும் பயத்தோடுதான் திறப்பேன்.

ஒரு சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். "டாக்டர், சீக்கிரம் வாங்க. தொறந்துட்டான்."

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் தொட்டி ஓரத்தில் மண்டியிட்டிருந்தார்கள். பெரியவன் நடுவில் நின்றான். அவன் தாடைக்குக் கீழே, அவனைப் போலவே நீண்ட உடலும் மீசையுமாக, விரல் நீளக் குட்டிகள் ஒரு மேகம் போல. மஞ்சள்கருப் பைகள் கரைந்து போயிருந்தன. சில துணிந்து கொஞ்சம் தள்ளிப் போயின, உடனே ஓடிவந்தன.

ரப்பர் மரங்களுக்கு அப்பால் இடி இடித்தது. பெரியவன் வாயைத் திறந்தான். மேகம் மொத்தமும் உள்ளே புகுந்துகொண்டது. தண்ணீரில் அவன் மட்டும் நின்றான், எதுவும் நடக்காததுபோல.

"யம்மா" என்றார் அண்ணன். நான் தொட்டியின் சிமெண்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவை மறுபடி வெளியே வரும்வரை நின்றேன். மழை வந்து மூவரும் நனைந்தோம். முதலில் ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு. பிறகு எல்லாம்.

சில நாட்களில் குஞ்சுகள் வாய்க்குத் திரும்புவதை நிறுத்தின. அப்போது அவற்றைத் தனித்தொட்டிக்கு மாற்றினோம். சில பிழைக்கவில்லை, பெரும்பாலானவை பிழைத்தன. பெரியவனின் முதுகில் சதை வர வெகுநாள் ஆனது. புண் இருந்த இடங்களில் புதுச்செதில்கள் நிறம் மங்கலாக முளைத்தன, இன்றும் பார்த்தால் தெரியும்.

குஞ்சுகளை மாற்றிய அன்று அண்ணன் ஒரு வெட்டுக்கிளியைப் போட்டார். அவன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் அண்ணன் வெட்டுக்கிளி போட்டபோது அக்கா அடுப்படியில் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாராம். கொல்லையில் தண்ணீர் 'சளார்' என்று தெறித்த சத்தம் அங்கேவரை கேட்டதாம். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.