நன்றியுரைக்கு மட்டும் அனுமதி

இலக்கியக் கூட்டத்தில் நன்றியுரை சொல்வது என்பது, பந்தி எழும்பிக் கை கழுவப் போன பிறகு பாயசத்தோடு வந்து நிற்கிற வேலை. எழும்பிப் போகிறவர்களின் முதுகுகளைப் பார்த்து "இறுதியாக" என்று சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வாருங்கள், நாம் ஒரே கட்சி. சண்டைக் காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடந்த கூட்டங்களில் அந்த வேலையை நான்தான் பார்த்தேன். சம்பளம் இல்லை. நான் மேடையிலிருந்து இறங்கும்போது தட்டில் ரோல்ஸும் இருக்காது. ஆனாலும் ஞாயிறு பின்னேரம் கூட்டம் என்றால், வெள்ளிக்கிழமையே அலுவலகத்தில் எனக்குக் கணக்குப் பிழைக்கத் தொடங்கிவிடும். அப்படி ஒரு பைத்தியம்.

பெண் என்றால் நன்றி

எங்கள் இலக்கிய வட்டத்தின் தலைவர் தம்பையா மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் படிப்பித்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருந்தார். நிகழ்ச்சி நிரல் போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. தலைமையுரை, தொடக்கவுரை, சிறப்புரை, கருத்துரை, ஏற்புரை என்று ஆண்கள் எல்லோருக்கும் பங்கு வைத்து முடிந்ததும் அவருடைய கண் சுற்றி வந்து என்னில் நிற்கும். வரவேற்புப் பாட்டும் நன்றியுரையும் பெண்களுக்கு என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருந்ததோ தெரியாது. எனக்குப் பாட்டு வராது. ஆகவே நன்றி.

ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "மாஸ்டர், நானும் கவிதை எழுதுறனான். ஒருக்காவது கவியரங்கத்தில விடுங்கோவன்." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார். எனக்குப் பெரிய மரியாதை செய்கிற முகத்தோடு சொன்னார்: "சுகந்தி, கவிதை ஆரும் வாசிக்கலாம் பிள்ளை. சனம் கோவிக்காமல் வீட்டை போகப் பண்ண உம்மாலதான் ஏலும்."

மைக் போன பிறகு

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் புத்தக வெளியீடு. அந்தக் காலத்தில் பொழுதுபட்டால் சோதனைச்சாவடிகளில் வரிசை நீளும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் காட்டி வீடு போய்ச் சேர வேண்டும். எனவே சிறப்புரை முடிகிற வாசனை அடித்ததுமே மட்டக்குளிப் பக்கத்து ஆட்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

அன்று என் முறை வந்தபோது மண்டபக் காவலாளி யன்னல் சாத்திக்கொண்டிருந்தார். நூலாசிரியரின் மாமியார் மட்டும் முன்வரிசையில் இருந்தார், நித்திரை. "அவைக்கு வணக்கம்" என்று குனிகிறேன், முன்னால் மைக்கைக் காணவில்லை. மைக் செட்காரர் அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வயர் சுற்றிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. "அண்ணே, இன்னும் நன்றியுரை முடியேல்லை" என்றேன். அவர் வயரை விடாமலே பதில் சொன்னார்: "நன்றிதானே தங்கச்சி, வாயாலயே சொல்லுங்க. திட்டுறதுன்னாத்தான் மைக் வேணும்."

கோட்டை ஸ்டேஷன் முன்னால்

நிமல் அய்யே, அதாவது நிமல் அண்ணன், சிங்களத்தில் கவிதை எழுதுகிறவர். கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் வீடு. "குண்டு விழுந்தால் முதலில் எரியப்போவது நான். ஆகவே சண்டை வேண்டாம் என்று கத்த முதல் உரிமையும் எனக்கு" என்பார். அவரும் நண்பர்களும் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் நடத்திய போர் எதிர்ப்புக் கூட்டத்துக்கு எங்கள் வட்டத்திலிருந்து நாங்கள் சில பெண்கள் போனோம். மாஸ்டருக்கு அன்று பார்த்துத் தடிமனும் தும்மலும்.

பஸ்ஸில் தமிழில் கதைக்கவே குரலைத் தாழ்த்துகிற காலம் அது. அந்த நடுத்தெருவில், தொண்டை கிழிய, "யுத்தம் வேண்டாம்!" என்று நான் தமிழில் கத்தினேன். பக்கத்தில் அதையே சிங்களத்தில் கத்தினார்கள். உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த நேரம் என்னை யாராவது தள்ளிவிட்டிருந்தால் கொழும்பு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடியிருப்பேன். எதிரே பொலிசார் பொல்லும் கேடயமுமாக வரிசை கட்டி நின்றார்கள்.

முடிவில் நிமல் அய்யே ஒலிபெருக்கியை என் கையில் திணித்து, "நங்கி, தங்கச்சி, நீங்க முடிங்க" என்றார். பழக்கதோஷம், நன்றிதான் வந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்துப் போன பஸ் சாரதிகளுக்கு நன்றி, எங்களோடு வெயிலில் நின்ற பொலிஸ் சகோதரர்களுக்கும் நன்றி என்றேன். நிமல் அய்யே அதைச் சிங்களத்தில் சொன்னதும், பொல்லுப் பிடித்த கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கின. நாங்கள் பதாகையை மடிக்கும்போது ஒரு கான்ஸ்டபிள் கிட்ட வந்தார். சிங்களத்தில் நன்றிக்கு ஸ்துதி என்று பெயர். மெதுவாகச் சொன்னார்: "நோனா, இந்த இடத்தில் எங்களுக்கு ஏச்சுத்தான் கிடைக்கும். ஸ்துதி கிடைத்தது இன்றைக்குத்தான்."

அமலனின் பெயர்

அமலன் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. துறைமுகத்தில் கிளார்க். எங்கள் வட்டத்தில் எழுதிய இளம் ஆட்களில் அவனைப்போல் எழுத வேறு ஆள் இல்லை. ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். அவனுடைய அம்மா ஸ்டெல்லா அன்ரி ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை. போன இடமெல்லாம் ஒரே பதில்: அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை.

அடுத்த ஞாயிறு வெள்ளவத்தையில், போருக்கு எதிராகத் தமிழ்க் கவிஞர்களும் சிங்களக் கவிஞர்களும் சேர்ந்து ஒரு கவியரங்கம் என்று முடிவாகியிருந்தது. மாஸ்டர் வீட்டில் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது அன்ரி வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அவன் கவிதையை வாசிக்க வேண்டும், அவன் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், பெயர் பேப்பரில் வரும், அதன் பிறகு அப்படி ஒரு ஆள் இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. மாஸ்டருக்கு வியர்த்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன், அவர் வீட்டிலும் வளர்ந்த பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். "கவிதையை வாசிப்பம். பெயர் வேண்டாம். ஓர் இளங்கவிஞர் எண்டு சொல்லுவம்" என்றார். அன்ரி குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் பின்னால் ஓடினேன். "அன்ரி, மாஸ்டர் விடாட்டிப் பரவாயில்லை. என்ர நன்றியுரையில நான் பெயரைச் சொல்லுறன்" என்றேன். அவர் என் கன்னத்தைத் தடவினார். கோபம் கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்: "நீ சொல்ற நேரத்துல கதிர மட்டும்தானே புள்ள கேட்டுக்கிட்டு இருக்கும்?"

முன்வரிசையில் ஒரு விருந்தாளி

ஞாயிறு மண்டபம் நிறைந்து வழிந்தது. சுவரோரமும் ஆட்கள். தமிழும் சிங்களமும் கலந்து தேனீக்கூடு மாதிரி ஒரே இரைச்சல். மாஸ்டரின் தலைமையுரை வழக்கம்போல் சங்க காலத்தில் புறப்பட்டு ஆறுதலாக வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு கவிஞர்கூட எழும்பவில்லை. வாசலில் ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும்.

யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள், கூட்டத்தை உடனே நிறுத்த வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். நிமல் அய்யே, உத்தரவுக் கடிதம் இருக்கிறதா, எந்தச் சட்டம் என்று சீறினார். ஒன்றும் எடுபடவில்லை. பின்னால் திரும்பி ஸ்டெல்லா அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கண்ணில் உண்மையான வேதனை. போர் கிடக்கட்டும், கவிதை கிடக்கட்டும், நன்றியுரை இல்லாமல் ஒரு கூட்டம் முடிவதை அந்த மனுஷனால் தாங்க முடியவில்லை. தான் ஆசிரிய உத்தியோகத்துக்காகப் படித்த சிங்களத்தில், "சேர், ஸ்துதி கதாவ இல்லாமல் எப்படி முடிப்பது? வந்தவர்களுக்கு அவமரியாதை அல்லவா?" என்றார்.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். ஆளும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு சங்கத்தின் கூட்டங்களில் கடைசிவரை இருந்து வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். பிரதம விருந்தினர் பயத்தில் வராததால் முன்வரிசை நடுக்கதிரை காலியாக இருந்தது. அதில் போய் அமர்ந்தார். உடனே யாரோ தேநீரும் கட்லட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு உத்தரவிட்டார்: "சரி. ஸ்துதி கதாவ மட்டும். ஐந்து நிமிடம்."

நன்றி, நன்றி, நன்றி

வாழ்க்கையில் முதல்தடவை ஒரு முதுகையும் காணாமல் மைக்குக்கு முன்னால் நின்றேன். அத்தனையும் முகங்கள்! நெஞ்சு அடிப்பது மைக்கில் கேட்கும் என்று பயந்தேன். முதல் நன்றி இன்ஸ்பெக்டருக்கு. நிமல் அய்யே பாய்ந்து வந்து பக்கத்தில் நின்று அதைச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அடுத்தது, வாசிக்க வந்து வாசிக்காமல் இருக்கிற கவிஞர்களுக்கு. நன்றி என்றால் எதற்கு நன்றி என்று சொல்லத்தானே வேண்டும்? ஆகவே ஒவ்வொருவரையும் பார்த்து, உங்கள் கவிதையின் எந்த வரிக்கு நான் நன்றி சொல்ல என்று கேட்டேன். அவர்கள் இருந்த இடத்திலிருந்தே எழும்பி ஒரு வரி, இரண்டு வரி சொன்னார்கள். நான் நன்றி சொன்னேன், நிமல் அய்யே மொழிபெயர்த்தார், சபை கைதட்டியது. கவியரங்கம் முழுக்க நன்றியுரைக்குள் நடந்துகொண்டிருந்தது!

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டி மாஸ்டருக்குச் சைகை காட்டினார். நேரம் முடிந்தால் அடிக்கிற சின்ன மணி மாஸ்டரின் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் "இறுதியாக, இங்கே வர முடியாமல்போன கவிஞர், கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா அம்மாவின் மகன் அமலனுக்கு நன்றி" என்றேன். மாஸ்டர் மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். நான் அவன் கவிதையைச் சொன்னேன்:

துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளில்
எது மா, எது மருந்து, எது குண்டு என்று
கிரேனுக்குத் தெரியாது.
எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு
தரையில் வைக்கிறது.
நாமும் ஒருவரை ஒருவர்
அப்படி இறக்கி வைத்தால் என்ன?

"அமலனைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கும், பத்திரமாகத் திருப்பித் தரப்போகிறவர்களுக்கும் எங்கள் நன்றியை முன்கூட்டியே தெரிவிக்கிறோம்" என்று முடித்தேன். கைதட்டலில் கதிரைகள் அதிர்ந்தன. ஸ்டெல்லா அன்ரி எழும்பி நின்றார், பத்திரிகைக்காரர்கள் அவரைச் சூழ்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் வெற்றுக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார். அன்ரியிடம் போய் மகனின் முழுப்பெயரைக் கேட்டார். பிறகு வாசலில் நின்று மாஸ்டரிடம் சொன்னார்: "மாத்தயா, எங்கள் ஊர் விகாரையிலும் இப்படித்தான். இந்த ஸ்துதி கதாவயைத்தான் நம்பவே கூடாது."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம்

மறுநாள் பேப்பரில் அமலனின் பெயர் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அன்ரி மறுபடியும் படியேறினார். கொஞ்ச நாளில், அப்படி ஒரு ஆள் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருப்பதாக அவர்களே சொன்னார்கள். விடுதலைக்கு இன்னும் வெகுகாலம் இருந்தது. ஆனால் இருந்தான்! உயிரோடு இருந்தான்! செய்தி கேட்டு நான் அலுவலகத்தில் கத்திய கத்தலில் மேலதிகாரி தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அன்ரி போய் மகனைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றானாம், மெலிந்து, தாடி வைத்து. அன்ரி அழுதுகொண்டே மண்டபம், இன்ஸ்பெக்டர், கைதட்டல் எல்லாம் சொன்னாராம். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தானாம். நெகிழ்ந்துபோய்விட்டான் என்றுதான் அன்ரி நினைத்தாராம். கடைசியில் வலையைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டது இதுதான்: "ஐயோ அம்மா, பழசையா வாசிச்சாங்க? உள்ள வந்தப்புறம் நான் அந்தக் கடைசி வரிய மாத்திட்டேனே!"

நன்றியுரை சொன்னவளுக்கு நன்றி சொல்ல ஆள் கிடையாது, குறை சொல்ல மட்டும் கம்பி வலைக்குள் இருந்தும் ஆள் வரும். அந்த ஒரு குறையைக் கேட்டு அன்று அன்ரியும் நானும் கட்டிப்பிடித்து அழுது சிரித்த சிரிப்புக்கு எந்தக் கைதட்டலும் ஈடாகாது.