கண்ணை மூடிக் கேட்ட அத்தியாயம்

பல்கலைக்கழக மாணவர்கள் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைப் பற்றி, முனைவர் பட்ட மாணவியான அவள் நான்கு ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதற்காக நூற்றிருபது கேள்விகள் தயாரித்து, எல்லா மாணவர்களின் கைப்பேசிக்கும் அனுப்பினாள். வந்து குவிந்த பதில்களைக் கணினியில் சரிபார்த்ததில், அவள் கண்ணே மணல் விழுந்ததுபோல் உறுத்தத் தொடங்கியது.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்மா கம்ப்யூட்டர் பாக்குறீங்க?" என்று கேட்டார் கண் டாக்டர்.

"பன்னிரண்டு. கண் எரிச்சலைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்."

"நல்லா பண்றீங்க. பத்து நாளைக்கு அந்தப் பக்கமே போகாதீங்க."

இதைத் தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் தன் கணினியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"தாராளமா ரெஸ்ட் எடும்மா. தீசிஸ்ல மூணாவது அத்தியாயத்தை மட்டும் வெள்ளிக்கிழமை மெயில்ல அனுப்பிடு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தியாயம் முழுவதையும் கையால் எழுதி, வெள்ளிக்கிழமை காலை இருபது தாள்களை அவர் மேசையில் வைத்தாள். அவர் கைப்பேசியை எடுத்து, ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்தார்.

"பேப்பர்ல படிச்சா எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது."

படங்களைப் பெரிதாக்கிப் படித்தவர், நான்காவது பக்கத்திலேயே கண்ணைக் கசக்கினார்.

"விடுங்க சார், நானே வாசிக்கிறேன்," என்றாள் அவள்.

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவளுடைய ஆராய்ச்சியை அவர் கவனமாகக் கேட்டது அன்றுதான்.

"அருமையா இருக்கேம்மா," என்றார் முடிவில். "யார் எழுதினது?"