ஆண்டிச்சாமி மாலை போட்ட கார்த்திகை

என் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமியை யாராவது கஞ்சன் என்று சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அதைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான். பதினாறு வருடமாக அவரோடு குடும்பம் நடத்திச் சம்பாதித்த உரிமை அது.

திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் ஒரு பெயிண்டுக் கடையில் அவருக்கு வேலை. பற்பசை தீர்ந்துவிட்டது என்று நாங்கள் தூக்கிப் போட்ட டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டி இன்னும் நாலு நாள் ஓட்டுவார். குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போதே அடுப்படி வாசலில் வந்து நிற்பார். மூன்றாவது விசில் அவர் காதில் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாட்டோடு பிரசங்கமும் உண்டு. மார்க்கெட்டுக்கு இருட்டிய பிறகுதான் போவார். கடை கட்டுகிற நேரத்தில் தக்காளியைக் கூறு போட்டுப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். "இதுல பாதி அழுகல்ங்க" என்றால், "மீதி நல்லாத்தான இருக்கு" என்பார்.

இத்தனைக்கும் ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் பாவி. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். நாலு குடித்தனத்துக்கு ஒரே குளியலறை. எங்கள் மகள் பவித்ரா பெரியவளான பிறகு, காலையில் அவள் துண்டும் கையுமாக வரிசையில் நிற்பதைப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. பேகம்பூரில் சர்புன்னிசா அம்மாவின் வீடு ஒத்திக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஓடினோம். மூன்று லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது பணம் அப்படியே கைக்கு வந்துவிடும். இரண்டு அறை, சொந்தக் குழாய், தனிக் குளியலறை. பவித்ரா அந்தக் குளியலறைக் கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தாள்.

சர்புன்னிசா அம்மா லேசில் படிகிற ஆள் இல்லை. முன்னால் ஒத்திக்கு இருந்தவர், பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் காலி செய்யாமல் இரண்டு வருடம் இழுத்தடித்திருக்கிறார்.

"தை ஒண்ணாந்தேதி முழுப் பணமும் வரணும் தம்பி. ஒரு ரூவா கொறைஞ்சாலும் சாவி கெடையாது. காத்துக்கிட்டு இருக்க வேற ஆளு இருக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது.

எங்கள் சேமிப்பு அதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இருக்கிற பிடியை இன்னும் இறுக்கினால் தைக்குள் எட்டிவிடலாம் என்று இருந்தோம். அப்போதுதான் கார்த்திகை பிறந்தது, கூடவே பத்திரிகைகளும் வந்தன. அவரோடு வேலை பார்க்கும் பொம்மையன் வீட்டில் காதுகுத்து. லோடு ஆட்டோ ஓட்டும் ஸ்டான்லிக்குப் புது வீடு குடிபோகிற விசேஷம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாழை இலை விற்கும் அய்யம்மாள் மகள் பெரியவளான சடங்கு. மூன்று பேருமே எங்கள் பவித்ரா சடங்குக்கு வந்து மொய் செய்தவர்கள். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். அதுதான் முறை.

அன்று முழுக்க மனுஷன் அந்த மூன்று பத்திரிகையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் கழுத்தில் துளசி மாலையும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கறுப்பு வேட்டியுமாக வந்து நின்றார்.

"என்னங்க இது, திடீர்னு பக்தி?"

"பக்திக்கு நேரங்காலமா இருக்கு?"

சாயங்காலத்துக்குள் பக்தியின் கணக்கு வெளியே வந்துவிட்டது. "நாப்பத்தெட்டு நாளு கறி கெடையாது. முடிவெட்டு, சேவிங் ரெண்டும் மிச்சம். செருப்புத் தேயாது. பச்சத்தண்ணிக் குளியல், கேஸ் மிச்சம். அம்புட்டையும் விட, விசேஷ வீட்டுக்குப் போக முடியாதுல்ல? தீட்டு."

"சடங்கு வீடு தீட்டு, சரி. காதுகுத்துல என்ன தீட்டு?"

"கூட்டத்துல யாருக்கு என்ன தீட்டுன்னு நாம கண்டமா?"

"அப்ப நான் போய்ட்டு வாரேன்."

"சாமி இருக்குற வீட்டுல இருந்து நீ போயி தீட்டைச் சேத்துக்கிட்டு வாரதா?"

ஐயப்பன் கேட்டிருந்தால் மலையிலேயே சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அய்யம்மாள் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து இலை விற்கிறவள். எங்கள் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் செய்தவள். அவள் மகள் விசேஷத்துக்கு நாங்கள் தலைகாட்டாமல் இருப்பது நியாயமா என்று கேட்டேன். "குடுக்க மாட்டேன்னு சொல்லலையே. பேகம்பூர் வீட்டுக்குப் போயிட்டு அப்புறமாக் குடுப்போம்" என்றார். அவர் வாயில் அந்த 'அப்புறம்' எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பஜனையில், கூட்டத்தை மலைக்கு அழைத்துப் போகும் குருசாமி பழனிக்குமார் அவரைப் பிடித்துக்கொண்டார். "சாமி, கன்னி பூசைய என்னைக்கு வச்சுக்கலாம்?"

முதல் வருடம் மாலை போடுகிறவர் கன்னிசாமி. அவர் தன் வீட்டில் பூஜை வைத்து, கூட்டத்தில் உள்ள சாமிமார்களுக்கும் தெருவுக்கும் சோறு போட வேண்டும். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். வருடா வருடம் அடுத்தவர் வீட்டுக் கன்னி பூஜையில் வடை பாயசத்தோடு சாப்பிட்டு வந்தவர்தானே! தான் மாலை போட்டால் தானும் சோறு போட வேண்டும் என்பது மட்டும் கணக்கில் வராமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "நூறு பேராம்" என்றார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் பேகம்பூர் வீடு ஞாபகம் வந்தது. மறுநாள் இவர் குருசாமியிடம் போய், சுண்டலோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். "சாமி, சோறு போடணும் சாமி" என்று குருசாமி சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

மூன்று விசேஷமும் நாங்கள் போகாமலே முடிந்தன. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பூஜை. அன்று விடியும்போதே பொம்மையன் ஒரு மூட்டை அரிசியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். "கன்னிசாமி வீட்டு அன்னதானத்துல நம்ம பங்கும் இருக்கட்டும் தங்கச்சி" என்றார். அடுத்து ஸ்டான்லியின் ஆட்டோ வந்தது. கன்னிவாடியில் அவர் மாமனார் தோட்டத்திலிருந்து கத்திரிக்காய், பூசணி, தேங்காய் எல்லாம் இறங்கின. கடைசியாக அய்யம்மாள் தலையில் இலைக்கட்டோடு வந்தாள். என் வீட்டுக்காரர் அவசரமாகப் பணத்தை எடுத்து நீட்டினார்.

"அன்னதானத்துக்கு எலை குடுத்துட்டு யாராச்சும் காசு வாங்குவாகளா சாமி?" என்று அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "மக சடங்குக்கு வர முடியலையேன்னு சாமி மனசுல வச்சுக்க வேணாம். மாலை போட்டிருந்தா எப்புடி வர முடியும்? எனக்குத் தெரியாதா?"

திட்டியிருந்தாலாவது அவர் பதில் வைத்திருப்பார். அவள் நம்பிவிட்டாள். நீட்டிய பணத்தை அப்படியே மடியில் செருகிக்கொண்டார். பந்தியில் ஒவ்வொருவர் இலையிலும் குனிந்து குனிந்து சோறு வைத்தார். யார் கண்ணையும் பார்க்கவில்லை. ஒருவருக்கு இலைக்கு வெளியே சாம்பாரை ஊற்றிவிட்டார்.

பூஜைக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. "என்னங்க, மிச்சமாயிடுச்சு போல?" என்று கிள்ளிப் பார்த்தேன். வழக்கமாக இந்த வார்த்தைக்கு அவர் முகம் மலர்ந்துவிடும். அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

சபரிமலை போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், முகத்தை மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "கௌசல்யா, கெளம்பு. மொய் செய்யப் போகணும்."

"தை பொறக்க நாலு நாளுதாங்க இருக்கு."

"தெரியும். கெளம்பு."

மூன்று வீட்டுக்கும் போனோம். அவர்கள் செய்ததைவிடக் கூடுதலாகவே வைத்தார். அய்யம்மாள் மகளுக்கு ஒரு பாவாடை தாவணியும் வாங்கினார். கடையில் விலை பேசவில்லை. எனக்குப் பயமே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எண்ணினால் ஒத்திப் பணத்தில் ஒன்பதாயிரம் குறைந்தது. பவித்ராவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவள் தன் துணிகளை அதற்குள் மடித்துக் கட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தை ஒன்றாம் தேதி சர்புன்னிசா அம்மா பணத்தை எண்ணி முடித்து நிமிர்ந்தது. "கொறையுதே தம்பி."

இவர் எழுந்து நின்றுகொண்டார். பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. மாலையையே பொய்க்குத்தானே போட்டார்! ஆனால் அன்று எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னார். மொய்க்குப் பயந்து மாலை போட்டதையும், அவர்களே வந்து அன்னதானத்துக்குக் கொடுத்ததையும், கடைசியில் போய்த் திருப்பிச் செய்ததையும் சொன்னார். "மாசக் கடைசிக்குள்ள மீதியத் தந்துருவேன். வேற ஆளுக்குக் குடுக்குறதுன்னாலும் தப்பு சொல்ல மாட்டேன்ம்மா."

அந்த அம்மா எண்ணிய பணத்தை மறுபடி அடுக்கிக் கட்டியது. பிறகு சிடுசிடுவென்று, "உக்காருங்க முதல்ல" என்றது. "யாரும் கேக்காத மொய்ய வீடு தேடிப் போயித் திருப்பிக் குடுத்திருக்கீங்க. நான் கேக்கும்போது என் வீட்டத் திருப்பிக் குடுக்க மாட்டீங்களா? எனக்கு அது போதும். மீதி மட்டும் மாசக் கடைசி தாண்டக் கூடாது." சாவியை எடுத்து என் கையில் வைத்தது.

வெளியே வந்து தெருமுனை திரும்பினோம். இவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்த மொய்யி செலவுல சேராது, என்ன கௌசல்யா? வீட்டு அட்வான்ஸ்லதான சேரும்?"

பார்த்தீர்களா, அதையும் வரவில் வைத்துவிட்டார் மனுஷன்! திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், முடியவில்லை. இந்த ஆளைக் கட்டிக்கொண்டதில் எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காசு செலவில்லாத காரியம் என்பதாலோ என்னவோ, வீடு வந்து சேரும் வரை அவரும் விடவில்லை.